வழு தேடும் கருவி ஊகிக்கலாமா?

ஓடிக்கொண்டிருந்த செய்நிரல் ஒன்று பாதியில் விழுந்துவிட்டால், அது எங்கே, எதனால் விழுந்தது என்று பார்க்க வழுநீக்கி என்றொரு கருவி உண்டு. டீபக்கர் என்று சொன்னால் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். லினக்ஸ் கணினிகளில் இந்த வேலைக்குப் பலரும் எடுப்பது ஜி.டி.பி. என்ற கருவியை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதியது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கட்டளை வரியில் கருவியின் பெயரை எழுதி, ஆராய வேண்டிய செய்நிரலின் பெயரை எழுதி, அதற்குப் பிறகு இன்னொரு சொல்லும் சேர்க்கலாம். அந்தக் கடைசிச் சொல், செய்நிரல் விழுந்தபோது நினைவகத்தில் இருந்ததை அப்படியே கொட்டிவைத்த கோப்பின் பெயராக இருக்கலாம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செயன்முறையின் இலக்கமாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று எழுதியவர் சொல்லவில்லை. ஜி.டி.பி. என்ன செய்கிறது? சொல்லின் முதல் எழுத்து 0 முதல் 9 வரையான இலக்கமாக இருந்தால், முதலில் அதைச் செயன்முறையாகக் கருதி அதனோடு இணையப் பார்க்கிறது. முடியாவிட்டால்தான் கோப்பாகத் திறக்கிறது. கோப்பின் பெயரே இலக்கத்தில் தொடங்கினால் முன்னால் ./ என்று போட்டுக்கொள்ளுங்கள் என்று அதன் கையேடு மாற்றுவழியும் சொல்லித்தருகிறது.

கையேட்டில் எழுதிவைத்துவிட்டால் போதுமா என்பதுதான் என் கேள்வி. ஒரு செயன்முறையோடு வழுநீக்கி இணைந்தால் அந்தச் செயன்முறை நின்றுவிடும். அதை ஆராயத்தான் இணைகிறது, ஆகவே நிறுத்தியாக வேண்டும். இறந்துபோன ஒன்றின் பதிவைத் திறந்து பார்க்கப் போனவர், அதே இலக்கத்தைத் தற்செயலாகக் கொண்டிருக்கும், உயிரோடு இருக்கும் வேறொன்றை நிறுத்திவிடக்கூடும். அனுமதி இல்லாத கணினியில் இது நடக்காது. ஆனால் அனுமதித் தொல்லை வேண்டாம் என்று நிர்வாகியின் அதிகாரத்தோடு கட்டளையை ஓடவிடுவது பலருக்கும் உள்ள பழக்கம். அபூர்வமாகவே நடக்கக்கூடிய விபத்து இது, ஒப்புக்கொள்கிறேன். என் வாதம் விபத்தின் எண்ணிக்கையைப் பற்றியது அல்ல. வேறு எந்த மென்பொருளும் ஊகித்துவிட்டுப் போகட்டும். வழுநீக்கி ஊகிக்கக் கூடாது. நமது ஊகங்கள் தவறிப்போனதால்தான் அதனிடம் போகிறோம். செய்நிரல் இன்ன உள்ளீட்டை வாங்கியது, இன்ன வழியில் ஓடியது என்று நாம் நம்பிக்கொண்டிருந்தது பொய்த்துவிட்டது. எது உண்மை என்று தெரிய வேண்டும். அந்த இடத்தில் கருவியும் நாம் சொன்னதைத் தன் விருப்பப்படி பொருள் கொண்டால், அது காட்டும் விடை எந்தக் கேள்விக்கானது என்றே தெரியாமல் போகும்.

இதைப் பொதுப் பத்திரிகையில், அதுவும் ஊவாவை முன்வைத்து எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2005இல் தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையில் பசறை வீதியில் இருக்கிறது. கணினி விஞ்ஞானமும் அங்கே கற்பிக்கப்படுகிறது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தமிழில் படிக்கலாம். பைதன் மொழி பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் போனதும் கற்பிக்கும் மொழி ஆங்கிலமாகிறது, கருவிகளின் மொழி அதற்கு முன்பிருந்தே ஆங்கிலம்தான். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில். வீட்டில் கணினி தெரிந்த அண்ணனோ மாமாவோ இருப்பது இன்னும் எல்லாக் குடும்பங்களுக்கும் வாய்க்கவில்லை. கருவி ஒன்று தவறாக ஊகிக்கும்போது கொழும்பில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்பவர் பக்கத்து மேசையைக் கேட்டு ஒரு நிமிடத்தில் தப்பித்துவிடுவார். தனியாக உட்கார்ந்து, ஆங்கிலக் கையேட்டை அகராதியோடு படிக்கும் பிள்ளைக்கு அந்த ஊகம் ஒரு இரவைத் தின்னும். அதைவிட மோசம், தனக்குத்தான் விளங்கவில்லை என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்வது. ஊகத்தின் வசதி தெரிந்தவருக்கும் அதன் செலவு தெரியாதவருக்குமாகப் பிரிந்துபோகிறது.

வழுநீக்கிக்கென்றே உள்ள சிக்கல் ஒன்றையும் விளங்கிக்கொள்ள வேண்டும். சாதாரணக் கட்டளையில் எழுதப்படும் சொற்கள் எல்லாம் ஒரே செய்நிரலுக்கானவை. வழுநீக்கியின் கட்டளை வரியிலோ இரண்டு பேருக்கான சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன: சில கருவிக்கு, சில கருவி ஆராயப்போகும் செய்நிரலுக்கு. தோட்டத்துக் கடிதம் இதற்குச் சரியான உவமை. லயத்தில் இருப்பவருக்குத் தனி வீட்டு இலக்கம் இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, எத்தனையாம் லயம் என்று பார்த்து ஆளிடம் போய்ச் சேரும். உறையின் மேல் உள்ளது அலுவலகத்துக்கான செய்தி. உள்ளே உள்ளது பெறுபவருக்கானது. அலுவலகம் உறையைப் படிக்கலாம், படித்தே ஆகவேண்டும். உள்ளே இருப்பதில் ஒரு வரியைக்கூடத் தனக்கு வந்த கட்டளையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே பிரிவில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் தகப்பன் பெயரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். இவராகத்தான் இருக்கும் என்று கொடுத்துவிட்டால் நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு நாள் கடந்த பிறகுதான் உரியவர் கைக்குப் போகும். மலையகத்தில் முகவரி என்பது இன்றும் ஒரு உரிமைக் கோரிக்கையாக இருப்பது சும்மா அல்ல.

கட்டளை வரியில் அந்த உறையை ஒட்டுகிற குறி இருக்கிறது: இரண்டு சிறுகோடுகள், --. இதற்கு முன்னால் உள்ளவை எனக்கு, பின்னால் உள்ளவை எதுவாக இருந்தாலும் தெரிவு (சிறுகோட்டில் தொடங்கி, கருவி எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் சொல்) அல்ல என்று பொருள். யுனிக்ஸ் உலகில் கட்டளைச் சொற்களைப் பிரித்துப் படிக்க கெட்ஆப்ட் என்ற பொதுச் சிறுநிரல் உண்டு, ஏ.டி. அன்ட் டி. நிறுவனம் அதை 1985இல் டலஸ் நகரில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று வெளியிட்டது. ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியபடி சொற்களைப் பிரிக்காமல் ஒரே ஒழுங்கு வரட்டும் என்பது நோக்கம். யுனிக்ஸ் வகைக் கணினிகளுக்குப் பொதுவான போசிக்ஸ் தரம் பின்னர் அந்த ஒழுங்கை எழுதிவைத்தது: முதலில் தெரிவுகள், பிறகு மற்றவை, நடுவில் வேண்டுமானால் இரட்டைக் கோடு. லினக்ஸில் பயன்படும் கனு அமைப்பின் கெட்ஆப்ட் கொஞ்சம் தாராளமாக நடந்துகொண்டது. தெரிவை எங்கே எழுதினாலும், வரியின் கடைசியில் எழுதினாலும், தேடி எடுத்து முன்னால் கொண்டுவந்துவிடும். இதனால் கோப்புறையின் பெயரை எழுதிவிட்டு அதற்குப் பின்னால் தெரிவை எழுதினாலும் லினக்ஸில் கட்டளை வேலை செய்யும். அதே வரியை மேக் கணினியில் எழுதினால் அந்தத் தெரிவையும் ஒரு கோப்பின் பெயராக எடுத்து, அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும். ஒரே வாக்கியத்துக்கு இரண்டு கணினியில் இரண்டு பொருள்.

இந்தத் தாராளம் வழுநீக்கிக்கு ஒவ்வாது என்பதைக் கருவி எழுதியவர்களே அறிந்திருக்கிறார்கள். எஸ்டிரேஸ் என்றொரு கருவி இருக்கிறது. ஒரு செய்நிரல் பணிசெயல் முறைமையிடம் என்னென்ன கேட்கிறது என்பதை வரிவரியாகக் காட்டும். அது கெட்ஆப்டை அழைக்கும்போது + குறியைச் சேர்த்து அழைக்கிறது. முதலாவது சாதாரணச் சொல்லைக் கண்டவுடன் நிறுத்திக்கொள், அதற்குப் பின் உள்ளவற்றில் கை வைக்காதே என்பது அதன் பொருள். ஜி.டி.பி.யும் 'ஆர்க்ஸ்' என்ற தெரிவைக் கொடுத்தால் அதே ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. ஆக, ஊகம் தவிர்க்க முடியாத ஒன்றல்ல, தவிர்த்தவர்கள் இருக்கிறார்கள்.

கண்டிப்பு மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. நினைவகக் கசிவைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் கருவியைப் பாருங்கள். அது ஊகிப்பதில்லை. செய்நிரலின் பெயருக்கு முன்னால் எழுதியவை தனக்கு, பின்னால் எழுதியவை செய்நிரலுக்கு, மாற்றமே இல்லை. முதல் தடவை பயன்படுத்தும் மாணவர், கசிவை முழுமையாகக் காட்டு என்ற தெரிவைச் செய்நிரலின் பெயருக்குப் பின்னால் எழுதிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வால்கிரைண்ட் அதைப் பத்திரமாகச் செய்நிரலிடம் ஒப்படைக்கிறது. அந்தச் சின்னச் செய்நிரல் கட்டளைச் சொற்களைப் பார்ப்பதே இல்லை. கசிவு இருந்தால், அறிக்கையின் முடிவில் ஒரு வரி வரும்: விவரம் வேண்டுமானால் இன்ன தெரிவைக் கொடுத்து மறுபடி ஓடவிடுங்கள் என்று. மாணவர் கொடுத்திருப்பது அதே தெரிவை! கருவி விதிப்படி நடந்தது, பொய் சொல்லவில்லை, ஆனாலும் எதிரில் இருப்பவரைப் பைத்தியமாக்கிவிட்டது. நீங்கள் எழுதிய இந்தச் சொல்லை நான் எடுக்கவில்லை, செய்நிரலுக்குக் கொடுத்துவிட்டேன் என்று அறிக்கையில் இன்னொரு வரி சேர்த்திருந்தால் போதும். நான் கேட்பது இந்த இரண்டையும் சேர்த்துத்தான்: ஊகிக்காமல் இருப்பது, எப்படிப் படித்தேன் என்று சொல்லிவிடுவது.

தமிழுக்கு வருவோம். பசறை என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கிறது என்று கொள்வோம். கண்ணுக்கு மூன்று எழுத்து, யுனிகோட் கணக்கில் ப, ச, ற, ஐகாரக் குறி என்று நான்கு, யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டாக மொத்தம் பன்னிரண்டு பைட்டு. லினக்ஸில் இந்தப் பன்னிரண்டும் ஒரு வழுநீக்கிக்குக் கட்டளைச் சொல்லாகப் போனால் அப்படியே போய்ச் சேரும். லினக்ஸுக்குத் தமிழ் தெரியும் என்பதல்ல காரணம். கட்டளைச் சொல் என்பது அதற்கு வெறும் பைட்டு வரிசை. சுழியம் வரும்வரை உள்ளது எல்லாம் ஒரு சொல், உள்ளே என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. 1992இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் யூ.டி.எஃப்.-8 முறையை வகுத்தபோது, பிறமொழி எழுத்துகளின் பைட்டுகளுக்குள் இடைவெளியோ சிறுகோடோ தற்செயலாகத் தோன்றாதபடி அமைத்தார்கள். ஆகவே தமிழ்ப் பெயரின் நடுவில் சொல் உடைவதும் இல்லை, அது தெரிவாகத் திரிவதும் இல்லை. யாரும் கை வைக்காததால் தமிழ் தப்பியது.

விண்டோஸில் நடப்பது வேறு. அங்கே பழைய முறைச் செய்நிரல்களுக்குக் கட்டளைச் சொற்களைக் கொடுக்கும்போது, கணினியின் வட்டாரக் குறியீட்டுப் பக்கத்துக்கு எழுத்துகள் மாற்றப்படுகின்றன. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு ஒன்று, ஜப்பானிய மொழிக்கு ஒன்று என்று பக்கங்கள் உண்டு. தமிழுக்கு அப்படியொரு பக்கம் வழங்கப்படவே இல்லை. விண்டோஸில் தமிழ் வந்தது யுனிகோட் வழியாக மட்டுமே. எனவே பழைய வழியில் எழுதப்பட்ட கருவிக்குப் பசறை என்ற சொல் ???? என்று போய்ச் சேர்கிறது. கருவி அந்தப் பெயரில் கோப்புறையைத் தேடிவிட்டு, இல்லை என்கிறது. விண்டோஸில் கோப்பின் பெயருக்குள் கேள்விக்குறி வரவே முடியாது என்பதைக் கவனியுங்கள். இருக்கவே இயலாத ஒன்றைத் தேடிவிட்டு இல்லை என்று பதில் வருகிறது. மாற்ற முடியவில்லை என்று சொல்லி அங்கேயே நின்றிருந்தால் குற்றம் எங்கே என்று தெரிந்திருக்கும். பைதன் 3 யுனிகோட் வழியிலேயே சொற்களை வாங்கிக்கொள்வதால் இந்தக் குழியில் விழுவதில்லை. 2019ஆம் ஆண்டின் விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, விரும்பினால் யூ.டி.எஃப்.-8 முறையைச் செய்நிரல் கேட்டு வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. அப்படிக் கேட்க வேண்டியவர் செய்நிரலை எழுதியவர். கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைக்காதே என்று அறிவுரை சொல்வது எளிது. குற்றம் கருவியில் இருக்க, திருத்தம் மட்டும் தமிழனுக்கு!

இந்த 'உதவி' தமிழுக்கு மட்டும் கேடு செய்யவில்லை. 2012இல் பி.எச்.பி. மொழியின் சி.ஜி.ஐ. வடிவத்தில் ஒரு ஓட்டை வெளிவந்தது. இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் சிறுகோட்டோடு ஒரு சொல்லை எழுதினால், அது சேவையகத்தில் கட்டளை வரித் தெரிவாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. முன்பின் தெரியாதவர் எழுதிய சொல் கருவிக்கான ஆணையாகிவிட்டது. சிறுகோட்டில் தொடங்கினால் விடாதே என்று அடைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2024 ஜூனில், தாய்வானின் டெவ்கோர் நிறுவன ஆய்வாளர்கள் அதே ஓட்டையை மறுபடி திறந்துகாட்டினார்கள். மென்கோடு என்று ஒரு எழுத்து உண்டு, சிறுகோடு அல்ல. சீன, ஜப்பானிய மொழிகளுக்கு அமைக்கப்பட்ட விண்டோஸ் அதைத் தன் குறியீட்டுப் பக்கத்தில் காணாமல், பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று சாதாரணச் சிறுகோடாக மாற்றிக் கொடுத்துவிடுகிறது. காவல் மென்கோட்டை உள்ளே விட்டது. உள்ளே போன பிறகு அது சிறுகோடானது. நிறுத்திக் கேட்க வேண்டிய இடத்தில் 'இதுவாகத்தான் இருக்கும்' என்று நடந்துகொண்டதன் விலை அது.

கட்டளைச் சொற்களைப் படிப்பதில் அசட்டை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் இரண்டு சான்று போதும், இரண்டையும் கண்டறிந்தது குவாலிஸ் நிறுவனம். 2021 ஜனவரியில் வெளிவந்த, நிர்வாகியின் அதிகாரத்தோடு கட்டளையை ஓடவிடும் சூடோ கருவியின் வழு 2011 ஜூலையிலிருந்து அங்கேயே கிடந்தது: கொடுக்கப்பட்ட சொற்களில் தப்புக்குறி சேர்ப்பதா என்று ஒரு பகுதி ஒரு அளவுகோலால் தீர்மானித்தது, அவற்றை நீக்குவதா என்று இன்னொரு பகுதி வேறு அளவுகோலால் தீர்மானித்தது, இரண்டுக்கும் இடையில் இருந்த இடுக்கு வழியாகச் சாதாரணப் பயனர் கணினியின் முழு அதிகாரத்தையும் பெறலாம். 2022 ஜனவரியில் வெளிவந்த, அதே வகைக் கருவியான பி.கே.எக்ஸெக்கின் வழு 2009 மே மாதத்திலிருந்து இருந்தது. சொற்பட்டியலில் முதலாவதாகத் தன் பெயர் நிச்சயம் இருக்கும் என்று அந்தக் கருவி எண்ணிக்கொண்டது. பட்டியலையே வெறுமையாகக் கொடுத்தபோது, இல்லாத இரண்டாவது சொல்லைத் தேடிப் பட்டியலின் எல்லையைத் தாண்டி அடுத்த வீட்டு நினைவகத்தைப் படித்தது, அதில் எழுதவும் செய்தது. அந்த ஆண்டு மே மாதம் வந்த லினக்ஸ் கருவின் 5.18 பதிப்பு, வெறும் பட்டியல் வந்தால் அதில் வெற்றுச் சொல் ஒன்றை வைத்துத்தான் அனுப்புகிறது. இவை வழுநீக்கிகள் அல்ல என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் வழுநீக்கியும் பிறர் செய்நிரலைத் தன் கையால் தொடங்கி, சொற்களை அதற்குக் கடத்தும் கருவிதானே. ஆராயும் அதிகாரமும் அதோடு சேர்ந்திருக்கிறது.

எதிர்வாதங்களில் வலுவானது வசதி பற்றியது. மனிதர் பேச்சில் பாதி ஊகம்தான், கணினி மட்டும் ஏன் நீதிமன்ற எழுத்தரைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறார்கள். தெரிவின் முழுப் பெயரை எழுதாமல் முதல் சில எழுத்துகளை எழுதினால் கருவி விளங்கிக்கொள்வது இந்த மனப்பான்மையில் பிறந்தது. கட்டளைச் சொற்களைப் படிக்கும் பைதனின் ஆர்க்பார்ஸும் அப்படியே செய்கிறது. இன்றைக்கு அது இனிக்கும். நாளைக்கு அதே எழுத்துகளில் தொடங்கும் இன்னொரு தெரிவைக் கருவியில் சேர்த்தால், நேற்றுவரை ஓடிய கட்டளைக்கோவை நின்றுபோகும். 2015இல் வந்த பைதன் 3.5 இந்தச் சுருக்கத்தை நிறுத்திவைக்க ஒரு தெரிவைச் சேர்த்தது அதனால்தான். ஊகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊகித்ததைச் சொல், செய்யாதே என்கிறேன். செய்நிரல்களின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியிடம் கட்டளையைப் பிழையாக எழுதினால், இதையா சொல்ல வந்தீர்கள் என்று நெருங்கிய பெயரைக் காட்டிவிட்டு நின்றுவிடும். தானாகத் திருத்தி ஓடவிடவும் அதில் அமைப்பு இருக்கிறது, ஆனால் கேட்டவருக்கு மட்டும். கேட்காதவருக்கு நின்று சொல்வதே வழக்கம். இதைவிட நல்ல நடத்தை எனக்குத் தெரியவில்லை.

இன்று யார் கட்டளை வரியில் எழுதுகிறார்கள், எல்லாம் சாளரத்தில் பொத்தானை அழுத்துவதுதானே என்பது இன்னொரு வாதம். விஷுவல் ஸ்டூடியோ கோடில் வழுநீக்கம் செய்யும் மாணவர், அதன் அமைவுக் கோப்பைத் திறந்து பார்க்கட்டும். செய்நிரலின் பெயருக்குத் தனி இடம். அதற்குக் கொடுக்க வேண்டிய சொற்களுக்குத் தனிப் பட்டியல், ஒவ்வொரு சொல்லும் தன் மேற்கோள் குறிக்குள். சாளரம் கட்டளை வரியின் சிக்கலை ஒழிக்கவில்லை, யாருக்கு எந்தச் சொல் என்பதைப் படிவத்தில் நிரப்பச் சொல்லித் தீர்த்துவைத்திருக்கிறது. இது என் கட்சிக்கான சாட்சி. மற்றபடி, பல சேவையகங்களில் சாளரமே இருப்பதில்லை. வேலைக்குப் போகும் பிள்ளை முதல் வாரத்திலேயே அங்கே போய் நிற்க வேண்டிவரும்.

பழைய வழக்கத்தை மாற்றினால் உலகமெங்கும் எழுதிவைக்கப்பட்ட கட்டளைக்கோவைகள் உடைந்துபோகும் என்ற கவலையும் நியாயமானது. அதனால்தான் மாற்றத்தைப் படிப்படியாகச் செய்ய வேண்டும் என்கிறேன். ஜி.டி.பி.யில் செயன்முறை இலக்கத்துக்கென்று தனித் தெரிவு ஏற்கனவே இருக்கிறது, பதிவுக் கோப்புக்கென்றும் இருக்கிறது. ஊகிக்கும் பழைய வழியை எடுக்க வேண்டாம். அந்த வழியில் போகும் ஒவ்வொரு தடவையும், இந்தச் சொல்லைச் செயன்முறை இலக்கமாக எடுத்தேன், கோப்பு என்றால் இன்ன தெரிவைப் பயன்படுத்துங்கள் என்று ஒரு வரி சொன்னால் எந்தக் கோவையும் உடையாது. அந்த வரி தமிழிலும் வரலாம். செய்திகளை மொழிபெயர்ப்பதற்கான கெட்டெக்ஸ்ட் முறை கனு கருவிகளில் நெடுங்காலமாக இருக்கிறது. மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'தவறான உள்ளீடு' என்று முடித்துவிடாதீர்கள். எத்தனையாவது சொல், அதை எதுவாகப் படித்தது, எதை எதிர்பார்த்தது என்ற மூன்றும் இல்லாத பிழைச்செய்தி எந்த மொழியில் வந்தும் பயனில்லை.

பாடசாலையில் செய்யக்கூடியது இன்னும் எளிது. பைதனில் தனக்கு வந்த கட்டளைச் சொற்களின் பட்டியலை அச்சிடும் செய்நிரல் இரண்டே வரி. அதை ஓடவிட்டு, கோணக்கலை தோட்டம் என்று மேற்கோள் குறி இல்லாமலும், பிறகு குறியோடும் கொடுத்துப் பார்க்கச் சொன்னால், முதலில் இரண்டு சொல்லாகவும் பிறகு ஒரே சொல்லாகவும் வருவதைப் பிள்ளை தன் கண்ணாலேயே காணும். ஒரு இடைவெளி என்ன செய்யும் என்பதற்குப் பம்பிள்பீ என்ற லினக்ஸ் மென்பொருளின் கதையைச் சொல்லலாம்: 2011இல் அதன் நிறுவல் கோவையில், அழிக்க வேண்டிய கோப்புறையின் பாதையில் /usr என்பதற்குப் பின்னால் ஒரு இடைவெளி தவறி விழுந்துவிட்டது. ஒரு பெயர் இரண்டு பெயரானது; பயன்படுத்தியவர்களின் /usr கோப்புறை முழுதாக அழிந்தது. அழிக்கும் கட்டளை தனக்குச் சொன்னதைத்தான் செய்தது. என்ன சொல்கிறோம் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தை எந்தக் கண்டிப்பான கருவியும் தந்துவிடாது. ஆசிரியர்தான் தர வேண்டும், அதற்கு ஆய்வுகூடத்தில் ஒரு பாடவேளை போதும்.

கடைசியாக, இனிக் கட்டளையைச் செயற்கை நுண்ணறிவே எழுதித்தந்துவிடும், சொற்களின் ஒழுங்கை மனிதர் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் பெருகிவருகிறார்கள். எழுதித்தருகிறது, சரி. அதை ஓடவிடும் கணினி யாருடையது? இயந்திரம் எழுதி இயந்திரமே ஓடவிடும் கட்டளையில், எச்சரிக்கை வரியை வாசிக்க இடையில் ஆள் இல்லை. அங்கே கருவி நின்று மறுத்தால் எழுதிய இயந்திரமே பிழைச்செய்தியைப் படித்து வரியைத் திருத்திக்கொள்ளும். ஊகித்துக்கொண்டு போய்விட்டால் திருத்த ஒன்றும் இருக்காது, ஏனென்றால் பிழை நடந்ததாகவே எங்கும் பதிவாகாது. வெளியிலிருந்து வந்த கோப்புப் பெயரையும் பயனர் பெயரையும் கட்டளையில் சேர்த்து எழுதும் எந்த மென்பொருளும், அந்தப் பெயருக்கு முன்னால் -- போட்டே எழுத வேண்டும். 2017 ஆகஸ்டில் கிட், மெர்க்குரியல், சப்வேர்ஷன் ஆகிய மூன்று பதிப்பு மேலாண்மைக் கருவிகளிலும் ஒரே நேரத்தில் அடைக்கப்பட்ட ஓட்டை, சிறுகோட்டில் தொடங்கும் கணினிப் பெயர் ஒன்றை, வேறு கணினியோடு இணைக்கும் எஸ்.எஸ்.எச். கருவி தனக்கான தெரிவாக எடுத்துக்கொண்டதால் வந்தது.